ஹாஸ்டல் ரூல்ஸை மாற்றிய டீன்! - கமலா ஹாரிஸின் 'சிஸ்டர்ஸ்' சங்கத்துக்கு முதல் தலைவியான லூசி ஸ்லோவின் கதை

2020 நவம்பர் ஞாபகம் இருக்கா? அமெரிக்காவில் கமலா ஹாரிஸ் துணை அதிபராக ஜெயிச்சதும், திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தில் வாசலுக்கு வாசல் கோலம் போட்டு, பட்டாசு வெடிச்சுக் கொண்டாடினாங்க. கமலாவின் தாத்தா பி.வி.கோபாலனின் சொந்த ஊர் அது.

அதே நேரத்தில் அமெரிக்காவிலும் ஒரு பெரிய பெண்கள் கூட்டம் கொண்டாடிக்கிட்டு இருந்தது. பிங்க், பச்சை நிற உடைகள், கழுத்தில் முத்துமாலை. அவங்க எல்லாரும் கமலாவின் 'சிஸ்டர்ஸ்'. ரத்த உறவு இல்லை, கல்லூரி உறவு. கமலா 1986-ல் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் படிச்சப்போ சேர்ந்த 'ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா' என்ற பெண்கள் சங்கத்தின் உறுப்பினர்கள். சுருக்கமாக ஏ.கே.ஏ.

இப்படிப்பட்ட சங்கங்களை அங்கே 'சொரோரிட்டி' என்பார்கள். கிரேக்க எழுத்துகளில் பெயர், தனி நிறம், தனிச் சின்னம், ரகசியச் சடங்கு எல்லாம் உண்டு. ஹாலிவுட் படங்களில் பார்த்துட்டு, 'சொரோரிட்டினா பார்ட்டி, மேக்கப், கலாட்டா'ன்னு நினைச்சிருப்போம். ஆனா, ஏ.கே.ஏ தொடங்கிய கதை வேற மாதிரி. அந்தக் கதையின் நடுவில் நிற்பவர், அதன் முதல் தலைவி லூசி டிக்ஸ் ஸ்லோ.

அத்தை வளர்த்த பெண்

லூசி, 1880-களில் ஒரு ஜூலை 4-ம் தேதி, வர்ஜீனியா மாநிலத்தின் பெரிவில் என்ற சிற்றூரில் பிறந்தார். அமெரிக்கச் சுதந்திர தினத்தில் பிறந்தவர்தான். ஆனா, அந்தச் சுதந்திரம் கருப்பின மக்களுக்கு அப்போ காகிதத்தில் மட்டும்தான் இருந்தது. அடிமை முறை ஒழிந்து 20 வருஷம்கூட ஆகியிருக்காத காலம். பள்ளி, ரயில், உணவகம் என எல்லாவற்றிலும் வெள்ளையருக்கு ஒன்று, கருப்பினத்தவருக்கு ஒன்று எனப் பிரித்து வைத்திருந்தார்கள்.

குழந்தையாக இருக்கும்போதே அப்பா இறந்துட்டார். சில வருஷங்களில் அம்மாவும் போய்ட்டாங்க. அத்தை மார்த்தா பிரைஸ்தான் லூசியைத் தூக்கி வளர்த்தார். படிப்பு, ஒழுக்கம் இரண்டிலும் ரொம்பக் கறாரான அத்தை. நல்ல பள்ளி வேணும் என்பதற்காகக் குடும்பம் பால்டிமோர் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே கருப்பின மாணவர்களுக்கான உயர்நிலைப் பள்ளியில் 1904-ல் வகுப்பில் இரண்டாமிடம் பிடித்துத் தேறினார் லூசி. கையில் ஸ்காலர்ஷிப். அதோடு வாஷிங்டனில் உள்ள ஹோவர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார். அந்தப் பள்ளியில் இருந்து ஹோவர்டுக்கு ஸ்காலர்ஷிப் வாங்கிப்போன முதல் பெண் அவர்.

ஹோவர்டு, 1867-ல் தொடங்கப்பட்டது. அடிமைத்தளையில் இருந்து விடுபட்ட மக்களின் கல்விக்காக உருவான நிறுவனங்களில் முக்கியமானது. ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கலாம். ஆனா, பெண்களுக்கு மட்டும் தனி விதிகள். கடைத்தெருவுக்குப் போகணும்னாகூடத் துணைக்கு ஒரு பொறுப்பான ஆள் வேணும். நம்ம ஊர் ஹாஸ்டல் அவுட்பாஸ் நினைவுக்கு வருதா?

இதில் ஒரு வேடிக்கை. லூசி சீனியர் ஆனபோது, அவர் மேல் ஆசிரியர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை. மற்ற மாணவிகள் கடைக்குப் போகும்போது துணைக்குப் போகும் 'பொறுப்பான ஆள்' வேலையை அவரிடமே கொடுத்தார்கள். அந்த வேலையை ஒழுங்காகச் செய்த அதே பெண்தான், பின்னாளில் அந்த விதியையே கேள்வி கேட்கப்போகிறார்.

ஒன்பது பேர், ஒரு சங்கம்

சங்கம் தொடங்கும் யோசனை லூசியுடையது இல்லை. அது அவர் தோழி எத்தல் ஹெட்ஜ்மேனின் கனவு. ஹோவர்டில் பாடம் நடத்திய எத்தல் ராபின்சன் என்ற ஆசிரியை, தான் பிரவுன் பல்கலைக்கழகத்தில் படித்தபோது சொரோரிட்டியில் இருந்த அனுபவங்களைச் சொல்லியிருந்தார். நாமும் ஏன் ஆரம்பிக்கக் கூடாதுன்னு ஹெட்ஜ்மேனுக்குத் தோன்றியது. கருப்பின மாணவர்களின் 'ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா' என்ற சகோதரர் சங்கம் 1906-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தொடங்கி, 1907 இறுதியில் ஹோவர்டுக்கும் வந்திருந்தது. பெண்களுக்குத்தான் எதுவும் இல்லை.

1908 ஜனவரி 15. ஹோவர்டின் மைனர் ஹாலில் ஒன்பது மாணவிகள் சேர்ந்து ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவைத் தொடங்கினார்கள். கருப்பினக் கல்லூரிப் பெண்கள் தொடங்கிய முதல் சொரோரிட்டி அதுதான். முதல் தலைவியாக லூசி தேர்வானார்.

சங்கத்தின் குறிக்கோள் வாசகத்தின் சாரம் இதுதான்: பிறப்போ பணமோ அல்ல, பண்பும் தகுதியும்தான் உயர்த்தும். நிறங்கள், சால்மன் பிங்க் மற்றும் ஆப்பிள் பச்சை. சின்னம், எப்பவும் பசுமையாகப் படர்ந்து ஏறும் ஐவி கொடியின் இலை.

யோசிச்சுப் பாருங்க. எங்கே போகணும், யாரோடு போகணும் என்று எல்லாவற்றையும் மற்றவர்கள் முடிவு செய்த காலம் அது. அந்த ஒன்பது பெண்களும் தங்களுக்கான சட்டதிட்டத்தைத் தாங்களே எழுதினார்கள், தலைவியைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள், யாரைச் சேர்ப்பது என்பதையும் தாங்களே முடிவு செய்தார்கள். அமெரிக்காவில் எல்லாப் பெண்களுக்கும் ஓட்டுரிமை தந்த அரசியல் சட்டத் திருத்தம் வந்ததே 1920-ல்தான்! அதற்கு 12 வருஷம் முன்பே இந்தப் பெண்கள் தங்களைத் தாங்களே ஆளப் பழகிவிட்டார்கள்.

ஒன்பது பேரும் படிப்பை முடித்துப் போனால் சங்கம் என்னாகும்? அதையும் யோசித்தார்கள். உடனே இரண்டாம் ஆண்டு மாணவிகள் ஏழு பேரைச் சேர்த்தார்கள். மொத்தம் 16 பேர்.

அந்த வருடமே லூசி வகுப்பில் முதல் மாணவியாகப் பட்டம் வாங்கி வெளியேறினார். சங்கத்தில் நான்கைந்து வருஷத்தில் ஒரு பெரிய உரசல் வந்தது. 1912-ல் அப்போதைய மாணவிகள் 22 பேர், பெயர், நிறம், சின்னம் எல்லாவற்றையும் மாற்றி, சமூகப் பிரச்னைகளில் இன்னும் நேரடியாக இறங்கணும் என்றார்கள். அடையாளத்தை மாற்ற முடியாது என்று மூத்தவர்கள் மறுத்தார்கள். கடைசியில் அந்த 22 பேர் 1913 ஜனவரி 13-ல் 'டெல்டா சிக்மா தீட்டா' என்ற புதுச் சங்கத்தை ஆரம்பித்தார்கள். அந்த மார்ச் மாதமே வாஷிங்டனில் நடந்த பெண்கள் ஓட்டுரிமைப் பேரணியில் நடந்தார்கள். இன்னொரு பக்கம், முன்னாள் தலைவி நெல்லி குவாண்டர் தலைமையில் ஏ.கே.ஏ ஜனவரி 29-ல் சட்டப்படி பதிவானது. 16 பேரோடு, பதிவுக்குப் பாடுபட்ட நால்வரும் சேர்ந்து 20 பேர். கமலா ஹாரிஸ் அணியும் முத்துமாலைக்குப் பின்னால் இருக்கும் '20 முத்துகள்' இவர்கள்தான்.

டென்னிஸ் மட்டையோடு டீச்சர்

லூசி பால்டிமோருக்குத் திரும்பி ஆங்கில ஆசிரியை ஆனார். கோடை விடுமுறைகளில் நியூயார்க் போய்ப் படித்து, 1915-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எம்.ஏ முடித்தார். பிறகு வாஷிங்டனில் ஆசிரியை.

இதற்கிடையில் டென்னிஸ். கல்லூரிக் காலத்தில் இருந்தே லூசிக்கு அதில் பித்து. அமெரிக்காவின் முக்கிய டென்னிஸ் அமைப்பு கருப்பினத்தவரைப் போட்டிகளில் அனுமதிக்கவில்லை. அதனால் அவர்களே 1916-ல் 'அமெரிக்கன் டென்னிஸ் அசோசியேஷன்' தொடங்கினார்கள். அதன் முதல் தேசியப் போட்டி 1917-ல் பால்டிமோரின் ட்ரூயிட் ஹில் பூங்காவில் நடந்தது. பெண்கள் ஒற்றையர் பட்டத்தை வென்றவர் லூசி ஸ்லோ. எந்த விளையாட்டிலும் அமெரிக்க தேசியப் பட்டம் வென்ற முதல் கருப்பினப் பெண். செரீனாவுக்கு முன்னால் ஆல்தியா கிப்சன், அவருக்கும் முன்னால் நீளும் வரிசையின் தொடக்கத்தில் நிற்பது ஒரு இங்கிலீஷ் டீச்சர்!

1919-ல் வாஷிங்டனில் கருப்பின மாணவர்களுக்கான முதல் ஜூனியர் ஹைஸ்கூலை உருவாக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. தலைமை ஆசிரியையாக இருந்தபோது, தன் பழைய கொலம்பியா பல்கலைக்கழகத்திடம் பேசி, ஆசிரியர்களுக்கான பயிற்சி வகுப்பை வாஷிங்டனுக்கே வரவழைத்தார். வெள்ளை இன ஆசிரியர்களும் கருப்பின ஆசிரியர்களும் அதில் சேர்ந்து உட்கார்ந்து படித்தார்கள். பள்ளிகளே பிரிந்து கிடந்த நகரத்தில் அது சாதாரண விஷயம் இல்லை.

'கண்காணிக்க நான் வரலை'

1922-ல் ஹோவர்டு அழைத்தது. மாணவிகளுக்கான டீன் பதவி. அந்தப் பல்கலைக்கழகத்தில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் கருப்பினப் பெண் அவர்.

வேலை கிடைச்சா போதும்னு லூசி தலையாட்டவில்லை. பேராசிரியர் அந்தஸ்து வேண்டும், அதற்கேற்ற சம்பளம் வேண்டும், பெண்கள் சம்பந்தமான கொள்கை முடிவுகள் என் அலுவலகத்தில் இருந்துதான் வர வேண்டும், வளாகத்துக்கு வெளியே என் சொந்த வீட்டில்தான் இருப்பேன் எனப் பேசி முடித்த பிறகே கையெழுத்துப் போட்டார். சம்பளம் பேசத் தயங்கும் நமக்கெல்லாம் இது 100 வருஷத்துக்கு முந்தைய பாடம்.

அதுவரை கருப்பினக் கல்லூரிகளில் பெண்களுக்கான பொறுப்பாளர் என்றால் ஹாஸ்டல் வார்டன் மாதிரி. யார் எத்தனை மணிக்கு வந்தாள், யாரோடு பேசினாள் என்று பார்ப்பதுதான் வேலை. லூசி அதைத் தலைகீழாக்கினார். ஒரு பெண்ணின் படிப்பு, உடல்நலம், எதிர்காலம் எல்லாவற்றுக்கும் வழிகாட்டும் கல்வியாளர்தான் டீன் என்றார். மாணவிகள் தங்களுக்குள் சங்கம் வைத்து நிர்வாகம் பழகட்டும் என்றார். வருடா வருடம் மாணவிகளும் பழைய மாணவிகளும் சேர்ந்து உட்காரும் விருந்தை நடத்தினார்.

அவருடைய வாதம் ரொம்ப எளிமையானது. கல்லூரியில் நாலு வருஷம் எல்லா முடிவையும் மற்றவர்கள் எடுத்தால், வெளியே வந்ததும் ஒரு பெண் எப்படித் திடீரென்று தானாக முடிவெடுப்பாள்? வீட்டில் அடக்கம், கோயிலில் பணிவு, கல்லூரியில் கண்காணிப்பு என்றே வளரும் பெண்ணிடம் தலைமைப் பண்பை எதிர்பார்ப்பது எப்படி நியாயம்? கருப்பினப் பெண்களின் உயர்கல்வி பற்றி 1933-ல் எழுதிய கட்டுரையில் இதையெல்லாம் அலசினார். எல்லாரும் டீச்சர் வேலைக்கே போகாமல் பொருளாதாரம், அரசியல், சமூகவியல் எல்லாம் படிக்கணும் என்று மாணவிகளைத் தூண்டினார்.

மாணவிகளுக்கு நல்ல விடுதி வேணும் என்று வருஷக்கணக்காகக் கேட்டார். 1931-ல் ஹோவர்டில் பெண்களுக்கான புதிய விடுதிகள் திறக்கப்பட்டன. அடிமையாகப் பிறந்து, விடுதலைக்காகவும் பெண்ணுரிமைக்காகவும் ஊர் ஊராகப் பேசிய சோஜர்னர் ட்ரூத்தின் பெயர் அவற்றில் ஒன்றுக்கு வைக்கப்பட்டது.

வளாகத்துக்கு வெளியேயும் சங்கம் கட்டுவதை அவர் விடவில்லை. பட்டதாரிக் கருப்பினப் பெண்களின் தேசிய அமைப்புக்கு 1923-ல் முதல் தலைவி. 1935-ல் மேரி மெக்லியோட் பெத்யூன் தொடங்கிய கருப்பினப் பெண்களின் தேசியக் கவுன்சிலில் முதல் செயலாளர். ஒன்பது பேரோடு கற்ற பாடத்தை நாடு முழுக்கக் கொண்டுபோனார்.

ஒரு வீடும் ஒரு சண்டையும்

1926-ல் ஹோவர்டின் முதல் கருப்பினத் தலைவராக மோர்டெகாய் ஜான்சன் பொறுப்பேற்றார். பல்கலைக்கழகத்துக்கு அரசு நிதியைக் கொண்டுவந்து, பெரிய அறிஞர்களைச் சேர்த்து, ஹோவர்டின் பெயரை உயர்த்தியவர். ஆனா, லூசியோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை.

1927-ல் ஒரு பெற்றோரிடம் இருந்து புகார் வந்தது. பேராசிரியர் ஒருவர் வகுப்பில் மாணவிகள் முன்னால் முகம் சுளிக்கும்படி பேசுகிறார் என்று. லூசி அதை ஜான்சனிடம் கொண்டுபோனார். விஷயம் தெரிந்த அந்தப் பேராசிரியர், லூசியை இழிவாகத் திட்டி அவருக்கே கடிதம் எழுதினார். அவர் வேலையை விட்டு நீக்கப்படவில்லை. மேற்படிப்புக்காக விடுப்புதான் கிடைத்தது.

ஆனா லூசிக்கு? அதற்குப் பிறகு நெருக்கடி கூடிக்கொண்டே போனது. ஆண் டீன்களுக்குச் சம்பளம் உயர்ந்தது, அவருக்கு உயரவில்லை. டீன்களின் கூட்டங்களில் இருந்து ஒதுக்கப்பட்டார். புகார் சொன்னவர் தண்டனை அனுபவிக்கும் கதை நமக்குப் புதுசு இல்லையே!

கடைசியாக 1933-ல் அவர் வீட்டின் மேல் கை வைத்தார்கள். மாணவிகளின் டீன் வளாகத்துக்குள்தான் குடியிருக்கணும் என்று உத்தரவு. ஆண் டீன்கள் யாருக்கும் அப்படி ஒரு விதி இல்லை.

அந்த வீடு லூசிக்கு வெறும் செங்கல் இல்லை. டீன் ஆன 1922-ல், வாஷிங்டனின் ப்ரூக்லேண்ட் பகுதியில், கியர்னி தெருவில் வாங்கிய சொந்த வீடு. நாடக ஆசிரியரும் பள்ளி ஆசிரியையுமான மேரி பர்ரிலோடு சேர்ந்து வாழ்ந்த வீடு. இருவரும் வாழ்க்கைத் துணையாக வாழ்ந்தவர்கள் என்று இன்று வரலாற்றாளர்கள் எழுதுகிறார்கள். மாணவிகளைக் கூப்பிட்டுத் தோட்டத்தில் உட்கார வைத்துப் பேசிய இடமும் அதுதான். பெற்றோரை இழந்து, உறவினர் வீட்டில் வளர்ந்த ஒரு பெண், தன் சம்பாத்தியத்தில் கட்டிக்கொண்ட வாழ்க்கை.

லூசி மறுத்தார். வேலைக்கு வரும்போதே பேசி முடித்த நிபந்தனை இது என்று நினைவுபடுத்தினார். பழைய மாணவிகளும் பெண்கள் அமைப்புகளும் அவர் பக்கம் நின்றார்கள். அவர் வீட்டை விடவில்லை. பதவியையும் விடவில்லை.

ஆனா அந்தப் போராட்டம் உடம்பைத் தின்றது. 1937 அக்டோபர் 21-ல் சிறுநீரக நோயால் இறந்தபோது அவருக்கு வயது 50-களில்தான். கடைசிவரை டீனாகவே இருந்தார், கடைசிவரை ப்ரூக்லேண்ட் வீடுதான் அவர் வீடு.

சிஸ்டர்ஸ் என்றால் என்ன?

லூசி வளாகத்துக்குள் போராடிக்கொண்டிருந்த அதே வருஷங்களில், அவர் முதல் தலைவியாக இருந்த சங்கம் தெற்கே மிசிசிப்பியில் இன்னொரு வேலையில் இறங்கியது. 1935-ல் டாக்டர் டோரதி ஃபெரிபீ தலைமையில் ஏ.கே.ஏ பெண்கள், பருத்திக் காட்டுக் கூலிகளுக்கு இலவச மருத்துவ முகாம் நடத்தப் போனார்கள். தொழிலாளர்கள் தோட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று முதலாளிகள் தடுத்தார்கள். சரி, அவங்க வர முடியாதுன்னா நாம போவோம் என்று, கார்களில் மருந்துகளை ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய்க் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். 1942 வரை இந்தச் சேவை தொடர்ந்தது.

இந்தச் சங்கங்கள் மேல் விமர்சனமும் இல்லாமல் இல்லை. படித்த, வசதியான குடும்பத்துப் பெண்களுக்கான வட்டமாகச் சுருங்கிவிடுகின்றன, புதிதாகச் சேர்பவர்களை ராகிங் செய்கிறார்கள் என்பதெல்லாம் பல காலமாகக் கேட்கும் குரல்கள். பிங்க் உடையும் முத்துமாலையும் மட்டும் போதும் என்று நினைத்தால் அந்த விமர்சனம் சரிதான். அதனால்தான் லூசியின் கதையை அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்று ஏ.கே.ஏ-வில் 3 லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள். கல்லூரி முடிந்தாலும் உறவு முடிவதில்லை. வேலைக்குப் போன பிறகும், பாட்டி ஆன பிறகும், ஊருக்கு ஊர் இருக்கும் கிளைகளில் சந்தித்துக்கொள்கிறார்கள். கமலா ஹாரிஸ் 2020-ல் துணை அதிபர் வேட்பாளராக மேடையேறியபோது, தன் குடும்பத்தைச் சொன்ன கையோடு இந்தச் சங்கத்தையும் பெயர் சொல்லி நினைவுகூர்ந்தார்.

ப்ரூக்லேண்டில் அந்த வீடு இன்றும் நிற்கிறது. லூசி, மேரி இருவர் பெயரையும் சேர்த்து, அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்கள் பட்டியலில் அதைச் சேர்த்திருக்கிறார்கள். காலி பண்ணச் சொன்ன வீட்டை, இனி யாரும் லேசில் இடிக்க முடியாது.

அடுத்த முறை உங்க ஹாஸ்டல் வாசலில் அவுட்பாஸ் புக்கில் கையெழுத்துப் போடும்போது, பக்கத்தில் நிற்கும் தோழிகளை ஒரு நிமிஷம் பாருங்க. 1908-ல் மைனர் ஹாலில் கூடியதும் அப்படி ஒன்பது பேர்தான்!